முப்பதுக்கு இருபத்தொன்பது

முகத்தைப் படமெடுக்க நல்ல வெளிச்சம் காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் எடுத்தால் முகம் வெளிறித் தெரியும். அதற்குப் பிறகு மூக்கின் நிழல் உதட்டில் விழும். எங்கள் ஹாஸ்டல் அறையின் ஜன்னல் கிழக்கே பார்த்தது. அந்த ஜன்னலோரம் ஆர்ஷா நிற்பதை இரண்டரை வருடம் பார்த்துத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். நான் என்னைப் படம் எடுத்துக்கொள்வதில்லை.

மேடம், நீங்கள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றீர்கள். யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு எல்லாம் தேதிவாரியாக நினைவிருக்கிறது.

என் பெயர் மங்கலம். வயது இருபத்தொன்று. பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருடம். அப்பாவுக்குக் கிழக்கேகோட்டையில் பாத்திரக் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரி கழக்கூட்டத்துக்கும் அப்பால் இருப்பதால் ஹாஸ்டலில் தங்கினேன். சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போவேன். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவின் நிச்சயதார்த்தத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்றபோது அம்மா என்னிடம், "மங்கலம், நீ உள்ள போயி காப்பி ஆயாச்சான்னு பாரு" என்றாள். போய்ப் பார்த்தேன். எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் காபியைப் பார்க்கத்தான் வேண்டும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆர்ஷா பாறசாலைக்காரி. அப்பா இல்லை. அம்மா செல்லபாய் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். ஆர்ஷா பெரிய அழகி என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தவறு. முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். நெற்றி சற்று அகலம். இரண்டையும் அவள் மறைத்ததே இல்லை. வாய் நிறையச் சிரித்து, கையை நீட்டி, ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது படம் எடுப்பாள். பேருந்தில், மெஸ்ஸில், துணி காயப்போடும் மொட்டைமாடியில். எடுத்து முடித்ததும் போனை என் மடியில் போட்டுவிட்டு யூனிஃபார்முக்கு இஸ்திரி போடப் போய்விடுவாள்.

"எடி மங்கலம், ஒண்ணு நோக்கிச் சொல்லு. எதாக்கும் கொள்ளாம்? நீயே சரியாக்கிப் போட்டிரு."

எனக்குப் பொறுமை அதிகம். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, பின்னால் கொடியில் தொங்கும் துணிகளை மறைத்து, அவள் கணக்கில் போட்டுவிடுவேன். மற்றவற்றை அழித்துவிடுவேன். முதல் இரண்டு வருடமும் அவளை அழகாக்கத்தான் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடத்தில் எங்களுக்கு ஆராய்ச்சித் திட்டம் உண்டு. ஐந்து ஐந்து பேராகச் செய்ய வேண்டும். எங்கள் குழுவுக்கு வழிகாட்டி ஓமனா டீச்சர். செல்ஃபி எடுக்கும் பழக்கத்துக்கும் சுயமதிப்புக்கும் உள்ள தொடர்பு, அதுவும் ஆரோக்கியப் படிப்பு படிக்கும் மாணவிகளிடம். தலைப்பை டீச்சர்தான் கொடுத்தார். பத்துக் கேள்விகள். 'மொத்தத்தில் என்னைப் பற்றி எனக்குத் திருப்தி உண்டு', 'பெருமைப்பட என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை', இப்படி. ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் வரை; மொத்தம் முப்பது. ஜூலையில் ஒரு தடவை, பருவத் தேர்வு முடிந்து ஜனவரியில் ஒரு தடவை, அதே மாணவிகளிடம் கேட்க வேண்டும். நிறைய செல்ஃபி எடுப்பவர்களுக்குத் தன்மேல் மதிப்பு குறைவாக இருக்கும், அந்தக் குறையை நிரப்பத்தான் எடுக்கிறார்கள் என்பது எங்கள் ஊகம். கேட்டவுடன் எனக்கு அது நியாயமாகப் பட்டது. மனதுக்கு இதமாகவும் இருந்தது.

தாள்களில் பெயர் கிடையாது. எண்தான். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஆர்ஷாவின் தாளை எடுத்ததும் தெரிந்தது. அவள் பச்சை மையில் எழுதுவாள். ஒரு நாளைக்கு எத்தனை செல்ஃபி என்ற இடத்தில் 'இருபது, ஞாயிறு கூடும்' என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். பத்துக் கேள்விகளையும் கூட்டினேன். முப்பதுக்கு இருபத்தொன்பது.

இரண்டாம் முறையும் கூட்டினேன். அதேதான்.

என் தாளில் செல்ஃபி என்ற இடத்தில் பூஜ்யம். மதிப்பெண் பதினொன்று.

பொறாமைப்பட்டாயா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. எனக்கு வந்தது எரிச்சல். ஒருத்தி தன்னிடம் ஒன்றுமில்லாமலே இருபத்தொன்பது வாங்குவது ஒரு பிழை. ஏறிய பல், அகன்ற நெற்றி, தையல்காரி மகள், படிப்பில் சராசரி. எதை வைத்து இருபத்தொன்பது? அந்த ஒரு தாள் எங்கள் ஊகத்தோடு பொருந்தவே இல்லை. பச்சை மையில் இருந்ததைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் எண்ணைத் திருத்தவில்லை. ஆராய்ச்சியில் எண்ணைத் திருத்துவது பெரிய தப்பு.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு படத்தை வேறு மாதிரி சரிசெய்தேன். நீலச் சுரிதார் போட்டு ஜன்னலோரம் நின்று எடுத்தது. முகத்தை ஒடுக்கவும் அகட்டவும் அந்தச் செயலியில் ஒரு கோடு உண்டு. எல்லாரும் அதை ஒடுக்கும் பக்கம் தள்ளுவார்கள். நான் மறுபக்கம் தள்ளினேன். கொஞ்சம்தான். மயிரிழை என்று சொல்லலாம். கண்ணுக்குக் கீழே நிழலை ஒரு சாயல் கூட்டினேன். அவள் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இண்ணைக்கு நல்லா உறங்கல்ல போல. அல்லே?"

"இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். அதன் பிறகு தினமும் அதே அளவு. வாரத்துக்கு ஒரு தடவை இன்னும் ஒரு மயிரிழை. ஒரே நாளில் செய்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நோயாளிக்கு மருந்தைக் கூட்டுவதும் அப்படித்தான், படிப்படியாக. அசல் படங்களை அவள் போனிலிருந்து அழிப்பதற்கு முன் என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். மூலத் தரவை ஒருபோதும் தொலைக்கக் கூடாது என்று ஓமனா டீச்சர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதத்துக்குள் அவள் படங்களின் கீழே 'உடம்புக்கு என்ன?', 'குண்டாகிட்டியா?', 'ரொம்ப டயர்டா தெரியுறே' என்றெல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். அவற்றில் ஒன்றுகூட நான் எழுதியதல்ல. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். பொய்க் கணக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திட்டுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

அவள் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள். அதுவரை தலைவாரும்போது மட்டும்தான் பார்ப்பாள். கண்ணாடியில் நல்லாத்தானே இருக்கேன், படத்தில் ஏன் இப்படி என்று கேட்டாள். கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும், ஊர் பார்க்கிற முகம் படத்தில் இருப்பதுதான் என்று சொன்னேன். பாதி உண்மை. வகுப்புப் படம் எடுத்தபோது அவளை வரிசையின் ஓரத்தில் நிறுத்தினேன். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் போன் கேமராவில் இழுபட்டுத்தான் வரும். அந்தப் படத்தை எடுத்தது நான் அல்ல. அதனால் அவள் அதை முழுதாக நம்பினாள்.

பிறகு அக்டோபரில் இன்னொரு வழி தெரிந்தது. படம் எடுக்கும்போதே முகத்தை மாற்றிக் காட்டும் அமைப்பு அந்தச் செயலியில் உண்டு. ஒரு தடவை வைத்துவிட்டால் அப்படியே இருக்கும். வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. அவளே தன்னை அப்படி எடுத்துக்கொண்டாள். நாளைக்கு நாற்பது, அறுபது என்று எடுத்தாள். எடுத்துப் பார்த்துப் பார்த்து அழித்தாள். பழைய படங்களையும் பார்க்கப் பிடிக்காமல் அழித்துவிட்டாள். போனை என்னிடம் தருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அவளுக்கு மஹேஷ் என்றொரு பையனைப் பேசி வைத்திருந்தார்கள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் டெக்னீஷியன். படிப்பு முடிந்ததும் கல்யாணம். நல்ல மாதிரி. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வந்தவர் ஹாஸ்டல் வாசலில் என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "போட்டோவுல என்னமோ மாதிரி இருக்காளேன்னு பயந்துபோய் வந்தேன். நேர்ல பாத்தா ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே இருக்கா?"

ஆர்ஷா அன்று மாலை வரை சிரித்த முகமாக இருந்தாள். அறைக்கு வந்ததும், "மஹேஷ் சொன்னது கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன். நல்ல மனுஷன். வேற யாருன்னா வாயில வந்ததைச் சொல்லியிருப்பாங்க."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "பாவம் பாத்துச் சொன்னதா?" என்றாள்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாமல் இருந்ததை நீங்கள் பொய் என்று எழுத முடியாது.

டிசம்பரில் அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். காலையில் பால் சேர்க்காத கட்டன்சாயா மட்டும். மெஸ்ஸுக்கு வருவதில்லை. வார்டில் நாங்கள் முகக்கவசம் போடுவோம். அவள் அதை அறையிலும் கழற்றாமல் இருக்க ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோதும், தும்மல், பிறருக்கு ஒட்டிவிடும் என்று சொல்லிப் போட்டுக்கொண்டே இருந்தாளாம். சபையில் கொயரில் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். செல்லபாய் அம்மா எனக்குப் போன் செய்து கேட்டார்.

"மக்ளே, அவளுக்கு அங்க என்னவாக்கும்? ஒண்ணும் திங்க மாட்டேங்கா. நீ கூட உள்ளவ அல்லவா, கொஞ்சம் பாத்துக்கோ."

"பாத்துக்கிறேன் அம்மா. பரீட்சைக் கவலை" என்றேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன். அவளுக்குத் தலைசுற்றினால் உப்புக் கரைத்துக் கொடுத்தேன். தலைமுடி கொட்டியதைப் பெருக்கினேன். அந்த மாதங்களில் அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. என்னை ஒருவர் அந்த அளவுக்குத் தேடியது அதுவே முதல் தடவை.

ஜனவரியில் இரண்டாம் சுற்றுத் தாள்கள் வந்தன. ஆர்ஷா நீல மையில் எழுதியிருந்தாள். எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். ஏழு. தன்னைப் பற்றித் திருப்தி உண்டா என்ற அந்தக் கேள்வியில் முதலில் ஒரு கட்டத்தில் குறியிட்டு, அதை அடித்து, அதற்கும் கீழான கட்டத்தில் குறியிட்டிருந்தாள். செல்ஃபி அறுபது. இப்போது ஊகத்தோடு மிகச் சரியாகப் பொருந்தியது. நான் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை.

என் மதிப்பெண் இருபத்திமூன்று ஆகியிருந்தது. பரீட்சை நன்றாக எழுதியிருந்தேன், அதனால் இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பிப்ரவரியில் கல்லூரிக் கருத்தரங்கில் எங்கள் குழுவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஓமனா டீச்சர் என் தோளைத் தட்டி, "நல்ல சுத்தமான டேட்டா, மோளே" என்றார். பிறகு பின்வரிசையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த ஆர்ஷாவைப் பார்த்து, "அந்தக் குட்டி வல்லாதெ மெலிஞ்சுபோயல்லோ?" என்று கேட்டார். டயட் இருக்கிறாள் டீச்சர் என்றேன். எல்லாப் பெண்களும் இப்போது அப்படித்தானே என்று சொல்லிவிட்டு அவர் மேடைக்குப் போய்விட்டார். டீச்சரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு நூற்றிருபது மாணவிகள்.

ஆர்ஷா செத்தது அதற்குப் பத்து நாள் கழித்து. உங்களுக்குத் தேதி தெரியும். காலை ஒன்பது இருபதுக்கு, ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடிக்கு ஏறும் படிக்கட்டில் விழுந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். உடனே மல்லாத்திப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். டாக்டர்கள் வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. என்னை இழுத்துத்தான் விலக்கினார்கள். என் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது. இவ்வளவு சரியாக ஒரு மாணவி செய்து பார்த்ததில்லை என்று சீனியர் சிஸ்டர் எல்லாரிடமும் சொன்னார். செல்லபாய் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கைகளைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் பாறசாலையில் அவர்கள் வீட்டில் இருந்தேன். முன்னறையில் தையல் மெஷினை ஒதுக்கிவிட்டுப் பெஞ்சு போட்டிருந்தார்கள். சாலை முக்கில் வைக்க ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், சவப்பெட்டியின் தலைமாட்டில் வைக்கவும் ஒரு படம் வேண்டும் என்று மஹேஷ் கேட்டார். செல்லபாய் அம்மா ஆர்ஷாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் தள்ளினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மக்ளே, இதுல எம்புள்ள எங்க இருக்கா? இதெல்லாம் ஆரோ ஒருத்தியாக்கும். எம்புள்ளய எனக்குக் காட்டு."

நான் என் போனை எடுத்தேன். ஆகஸ்ட் மாதப் படங்களில் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். நீலச் சுரிதார், பல் தெரியும் சிரிப்பு.

"இதுதான்" என்றார் அவர். "இதாக்கும் எம்புள்ள." போனின் மேல் வாயை வைத்து முத்தமிட்டார்.

அந்தப் படத்தை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு தாய்க்கு உதவத்தான் கொடுத்தேன். இதை நீதிமன்றத்தில் சொல்வார்களா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மஹேஷ் ஹாஸ்டலுக்கு வந்தார். என்னை உட்காரச் சொல்லி, ஃப்ளெக்ஸில் போட்ட படத்தையும் தன் போனில் இருந்த ஒரு படத்தையும் மேசைமேல் அருகருகே வைத்தார்.

"ரெண்டும் ஒரே நாள் எடுத்தது. அதே சுரிதார். அதே ஜன்னல். பின்னால கம்பியில காக்கா இருக்கு பாரு, அதுகூட ஒண்ணுதான். இது ஆர்ஷா அண்ணைக்கு எனக்கு அனுப்பினது. மூஞ்சி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு, மங்கலம்?"

அவர் சத்தம் போடவில்லை. நானும் மறைக்கவில்லை. கேட்டவருக்குப் பதில் சொன்னேன். என் போனையும் அவரிடமே கொடுத்தேன். மொத்தம் நூற்றி அறுபத்து நான்கு அசல் படங்கள், தேதிவாரியாக. அவர் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இவ்வளவு நல்லாச் சிரிச்சுட்டு இருந்திருக்காளே" என்று மட்டும் சொன்னார். பிறகு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்.

நேற்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார், படத்தில் முகத்தை அகட்டியதற்காக ஒருத்தி சாவாளா என்று உங்களிடம் கேட்டார். இதில் வழக்கு நிற்குமா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் யாரோ செய்ததுபோல் இதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. அதனால் மீதியையும் சொல்கிறேன்.

செல்லபாய் அம்மாவுக்குக் கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஜனவரியில் ஊருக்குப் போய் வந்தபோது ஆர்ஷா அதை எடுத்து வந்திருக்கிறாள். நான் எடுத்து வரச் சொல்லவில்லை. ஒரு நாள் அவளிடம், "உன் முகம் கொழுப்பு இல்லடி, நீர் கட்டியிருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மாத்திரை அட்டையை அவள் தலையணை உறைக்குள் பார்த்தேன். வாரம் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பேன். சாப்பிடாத உடம்பில் அந்த மாத்திரை போனால் பொட்டாசியம் இறங்கும், இறங்கினால் இதயத்தின் தாளம் தப்பும் என்று எங்களுக்கு இரண்டாம் வருடத்திலேயே பாடம். அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆர்ஷாவும் அதே பாடம் படித்தவள்தான். ஆனால் அவளுக்கு அப்போது முகத்தைத் தவிர வேறு நினைவில்லை.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு அவள் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள். பிறகு கையை என் பக்கம் நீட்டினாள்.

"எடி, நெஞ்சு ஒரு மாதிரி துள்ளுது. நின்னு நின்னு துள்ளுது. ஒண்ணு பல்ஸ் பாரு. பேடியா இருக்கு. வார்டுக்குப் போகாம நேரா காஷுவால்ட்டிக்குப் போகட்டா?"

மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். கை குளிர்ந்திருந்தது. நாடி நாலு அடித்து ஒன்று விட்டது. இரண்டு அடித்து ஒன்று விட்டது. பிறகு சேர்ந்தாற்போல் ஓடியது. பிறகு விட்டது. சந்தேகமே இல்லை. காஷுவால்ட்டி எங்கள் ஹாஸ்டலிலிருந்து ஆறு நிமிட நடை.

"எழுபத்தாறு" என்றேன். "நார்மல்தான். சாப்பிடாததால வந்த தளர்ச்சி."

"உள்ளதா?"

"உள்ளது."

அவள் மூச்சை விட்டாள். "நீ சொன்னா சரி" என்று எழுந்து யூனிஃபார்மை எடுத்தாள். பயந்துபோயிருந்தவளை அமைதிப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன், மேடம். அவளும் அமைதியாகிவிட்டாள். படி ஏறினால் விழுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவளைத் தனியாக விடாமல் கூடவே போனேன்.